ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

வாரியம் பூட்ஸ் வாங்கியதில் தப்பு நடந்துவிட்டது. உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்களுக்கென்று வாங்கிய பூட்ஸ் அத்தனையும் ஒன்பதாம் நம்பர்.

வாரியம் என்றால் சிப்பித்திட்டு உப்பளத் தொழிலாளர் நல வாரியம். அளத்தில் இறங்குகிறவர்களில் முக்காலே மூணு வீசம் பெண்கள். வாரியத்தில் இருந்த பதினோரு பேரும் ஆண்கள். இது யார் கண்ணையும் உறுத்தவில்லை. வானம் மேலே இருக்கிற மாதிரி அதுவும் இருந்தது.

எப்படி வாங்கினார்கள் என்று சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் விளங்கும். மாதிரிக்கு ஒரு ஜோடி வந்தது. அதை மேஜைமேல் வைத்தார்கள், தலைவர் தவசிக்கனி அண்ணாச்சி செருப்பை உதறிவிட்டு வலது காலை உள்ளே விட்டார், "பாந்தமா இருக்குவே" என்று பக்கத்தில் தள்ளினார், பக்கத்துக்காரர் காலை விட்டுப் பார்த்து அடுத்தவரிடம் தள்ளினார், இப்படியே அந்த ஒரு ஜோடி மேஜையைச் சுற்றிக் கால் காலாக ஏறி இறங்கிக் கடைசியில் செயலாளர் நடேசனிடம் வந்து சேர்ந்தது, அவர் வாசனை பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்பதாம் நம்பர் என்று எழுதினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டீ வந்தது.

பெண்களின் கால் நாலாம் நம்பர், ஐந்தாம் நம்பர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பூட்ஸைப் போட்டுப் பார்த்தவர்கள் சாக்கைக் கிழித்து உள்ளே திணித்தார்கள், பிறகு பழைய துணியைத் திணித்தார்கள், எதைத் திணித்தாலும் பாத்திச் சேற்றில் பூட்ஸ் ஒரு பக்கம் நிற்கக் கால் ஒரு பக்கம் போனது. பாதிப் பேர் அதில் மண்ணை நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்தார்கள். மீதிப் பேர் வெறுங்காலோடு இறங்கினார்கள், எப்போதும் போல.

சந்தனமாரி மட்டும் போட்டுப் பழகிவிடலாம் என்று பார்த்தாள். தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வரும்போது பூட்ஸ் சேற்றில் கவ்விக்கொண்டது, கால் உருவிக்கொண்டு வந்தது, கூடையோடு விழுந்தாள். கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும் உப்புப் பாளம். வலது பாதத்தை அது குறுக்கே கிழித்துவிட்டது. உப்புத் தண்ணீரில் கிழிந்த கால் ஆறாது. ஆற வேண்டுமானால் தண்ணீர் படக்கூடாது, தண்ணீரில் இறங்காவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

அவள் மனு எழுதிக்கொண்டு வாரியக் கூட்டத்துக்கே வந்தாள்.

"அஞ்சாம் நம்பர் வேணும்யா. எனக்கு மட்டும் கேக்கல. எல்லாத்துக்கும் அதுதான்."

"டெண்டர் முடிஞ்சு போச்சும்மா," என்றார் செயலாளர். "அடுத்த வருஷம் பாப்போம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் இந்தக் கால் தாங்காதுய்யா. கொஞ்சம் பாருங்க."

சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக் காலை முன்னே வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவன் வீட்டுப் பெண்ணின் காலை ஆண்பிள்ளை உற்றுப் பார்க்க மாட்டான். அது மரியாதை. அந்த மரியாதையைப் பதினோரு பேரும் காப்பாற்றினார்கள். ஒருத்தர் மின்விசிறியைப் பார்த்தார், ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தார், தலைவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலை யாரும் பார்க்கவில்லை. காட்டிக்கொண்டு நின்றவள் கொஞ்ச நேரத்தில் தானே சேலையை இறக்கிவிட்டாள்.

மனு பரிசீலனையில் வைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வந்து உட்கார்ந்தபோது தரையில் உப்புத் தண்ணீர் நின்றது.

வாரிய அலுவலகம் மாடியில் இருக்கிறது. கீழே ரேஷன் கடை. கடல் எங்கேயோ இருக்கிறது. தண்ணீர் மேலேயிருந்து ஒழுகவில்லை, குழாய் உடையவில்லை; அவர்கள் உட்கார்ந்தார்கள், அது வந்தது, நாற்காலிக் கால்களைச் சுற்றிக் கணுக்கால் அளவு, அளத்தில் கடைசிப் பாத்தியில் நிற்குமே, விரலால் தொட்டால் பிசுபிசுக்கிற அந்தத் தண்ணீர். ரேஷன் கடைக்காரர் தன் கூரையைத் தொட்டுப் பார்த்தார். வறவறவென்று காய்ந்திருந்தது. அவர் சீனி மூட்டையை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டு நிறுவையைத் தொடர்ந்தார்.

முதல் வாரம் ஊர் வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் பக்கத்து ஊர் வந்து பார்த்தது. பிறகு யாரும் வரவில்லை. தண்ணீர்தானே, என்னத்தைப் பார்ப்பது. பொதுப்பணித்துறை எஞ்சினியர் வந்து தரையைத் தட்டிப் பார்த்துக் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். மோட்டார் வைத்து இறைத்தார்கள், இறைத்த அளவு ஊறியது. சாமியார் ஒருத்தர் எலுமிச்சம்பழம் உருட்டினார், பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார், பழமும் தீர்த்தமும் சேர்ந்து மிதந்தன. டீக்கடைக்காரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்குவாளியோடு தண்ணீருக்குள் நடந்து டீ கொடுக்கப் பழகினான். கூட்டம் முடிந்து பதினோரு பேரும் எழுந்து போனால் தண்ணீர் வற்றிவிடும், தரை முழுக்க உப்பு பூத்துக் கிடக்கும், அதைப் பியூன் மாசாணம் முறத்தில் வாரி வாசலில் குவிப்பார். நல்ல வெள்ளை உப்பு. ஊறுகாய்க்கு அதைவிட்டால் வேறு இல்லை என்று ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். கல்யாண மண்டபத்தில் கூடினார்கள், அங்கே வந்தது, மண்டபக்காரர் விரட்டிவிட்டார். தலைவர் வீட்டு மொட்டை மாடியில் கூடினார்கள், வந்தது. ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து, ஓடுகிற வண்டியில் தண்ணீர் எப்படி வரும் என்று திருச்செந்தூர் சாலையில் போய்க்கொண்டே கூடினார்கள். டிரைவர் பிரேக் போட்டபோது பின்சீட்டிலிருந்து அலை ஒன்று எழும்பி வந்து செயலாளர் மடியில் விழுந்தது. திரும்பிவிட்டார்கள்.

பிறகு மாசாணம்தான் சொன்னார், "சாமான் கிட்டங்கியில மிச்ச பூட்ஸ் கிடக்குல்லா அண்ணாச்சி. எடுத்து மாட்டிக்கிட்டா என்ன?"

மாட்டிக்கொண்டார்கள். பதினோரு பேருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அளத்துக் கரைக்கு இந்தச் செய்தி போனபோது சந்தனமாரியோடு வேலை செய்கிறவள் சிரித்தாள். "ஏட்டி, பூட்ஸு இப்பத்தான் சரியான வீட்டுக்குப் போயிருக்கு."

"யாருக்கு வாங்குனாங்களோ அவுகளுக்குப் போய்ச் சேந்துட்டு," என்றாள் சந்தனமாரி. அவள் காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள். பைக்குள்ளும் தண்ணீர் போகத்தான் செய்தது.

வாரியக்காரர்களின் பூட்ஸுக்குள்ளும் போனது. எவ்வளவு இறுக்கிப் போட்டாலும் வெளியே நின்ற அளவு உள்ளே நின்றது. ஒரு மாசத்தில் குதிகால் வெடித்தது, விரலிடுக்கு வெந்தது, நகம் வெளுத்தது. பதினோரு பேரும் ஊருக்குள் கெந்திக் கெந்தி நடந்தார்கள். எந்த நடையை அளத்திலிருந்து சாயங்காலம் திரும்புகிற பெண்களிடம் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோமோ, அதே நடை. ஆனாலும் ஒருத்தரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரேஷன் கடையில், கோயிலில், பெட்டிக்கடையில் கால் தெரியாமல் வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்க்கிறவர்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

இந்த நேரத்தில் அரசாங்க உத்தரவு ஒன்று வந்தது. இனி எல்லா வாரியத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும்.

இருக்கட்டுமே என்றார்கள். நாலு பேர் விலகினார்கள், நாலு பேரும் தங்கள் தங்கள் மனைவியைப் போட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தரான தவசிக்கனி அண்ணாச்சி முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று தன் தலைவர் பதவியையே மனைவிக்குக் கொடுத்தார். பேப்பரில் படம் வந்தது, அவர் படம். வாசலில் புதுப்பலகை மாட்டினார்கள்: தலைவர், திருமதி தவசிக்கனி. அடுத்த கூட்டத்துக்கு நாலு பெண்களின் நாற்காலியில் நாலு கணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கையெழுத்தை வீட்டில் வாங்கிக்கொள்வது. பஞ்சாயத்தில் அப்படித்தான் நடக்கிறது, கூட்டுறவுச் சங்கத்தில் அப்படித்தான் நடக்கிறது, யாருக்கும் இது தப்பாகவே படவில்லை.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

சந்தனமாரி மறுபடி வந்தாள். இந்தத் தடவை படி ஏறவே அவளுக்கு நேரமாயிற்று. பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார், இனிமேல் உப்புத் தண்ணீர் பட்டால் பாதம் மிஞ்சாது என்று. அதை அப்படியே சொன்னாள்.

"மழைக்கு முன்னாடி இன்னும் கொஞ்ச நாள்தான் வேலை இருக்கு. அதை விட்டா மழைக்காலத்துக்குக் கஞ்சிக்கு வழியில்லை. ஒரு ஜோடி, அஞ்சாம் நம்பர். கடையில வாங்கலாம்னா அந்த அளவுல அந்தச் சாமான் கடையிலயே இல்லையாம்யா. நீங்க எழுதினாத்தான் செய்வாங்களாம்."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவரின் நாற்காலியில் இருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"இப்பத்தான் பெண் உறுப்பினர்களே வந்தாச்சே. இது பொம்பளைங்க விஷயம். அவங்ககிட்ட அபிப்பிராயம் கேட்டுட்டுச் சொல்லுதோம்."

சந்தனமாரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். முழங்கால்வரை தண்ணீரில் பதினோரு வேட்டி மிதந்தது. "சரிங்கய்யா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மறுநாள் அளத்தில் இறங்கினாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவசிக்கனி அண்ணாச்சி வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து காலை வெந்நீரில் வைத்திருந்தார். அவர் மனைவி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்து, ஒரு காலை எடுத்துத் துணியால் ஒற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அண்ணாச்சி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை.

"இது எங்க வாங்கினது?"

"வாரியத்துலதான். உனக்குத் தெரியாதா."

"வாரியத்துல நான்லா தலைவர்? என் காலுல ஒண்ணும் இல்லையே."

அண்ணாச்சி வெந்நீரில் இருந்த மற்றக் காலை அசைத்தார்.

"கோயில் வாசல்ல காலைக் கெந்திக்கிட்டு வந்த ஒரு பொம்பள என்னைப் பாத்துக் கேக்கா. என் மனுவைப் பத்தி உங்க அபிப்பிராயம் கேட்டாங்களாம்மா, சொல்லிட்டீங்களான்னு. நான் முழிக்கேன். எப்ப கேட்டீங்க எங்கிட்ட?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

"எண்ணெய் போடுற கை சும்மாத்தான இருக்குன்னு என் கையெழுத்தையும் எடுத்துட்டுப் போயிருக்கீங்க." வெடிப்புக்குள் எண்ணெயை விட்டாள். அவர் பல்லைக் கடித்தார். "எரியுதா?"

"எரியுது."

"அவளுக்கும் எரியும்."

முப்பது வருஷமாக அவர் முன்னால் அவள் அவ்வளவு பேசியதில்லை. அவர் அதற்கு மேல் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எண்ணெய் ஊறட்டும் என்று காலை வெயிலில் நீட்டிவிட்டு அவள் எழுந்து போனாள். அந்தக் கால் அங்கேயே வெயிலில் கிடந்தது, யாருடையதோ மாதிரி.

கூட்டத்தன்று அவள் வந்தாள். மாசாணம் கதவருகில் நின்று, "அண்ணாச்சிக்குச் சோறா மயினி, குடுங்க" என்று கை நீட்டினார். அவள் கையில் தூக்குச்சட்டி இல்லை. தண்ணீருக்குள் இறங்கினாள். புதுச்சேலை முழங்காலுக்குக் கீழே கனத்துத் தொங்கியது. மேஜையின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள்.

"எந்திரிங்க."

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. சிரித்து மழுப்பப் பார்த்தார். "வீட்டுக்குப் போ, வாரேன்."

"பூட்ஸையாவது கழத்துங்க."

அதை ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. கழற்றிக் கொடுத்தார். அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒன்பதாம் நம்பருக்குள் தன் இரண்டு காலையும் விட்டாள். மேஜை மேலிருந்த பதிவேட்டுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள், உப்புக் கூடை மாதிரி. நடந்தாள். அறையின் அந்தக் கோடிவரை நடந்து திரும்ப வேண்டும், அவ்வளவுதான். முதல் எட்டில் பூட்ஸ் பின்னால் நின்றது, இழுத்துக்கொண்டாள். அடுத்த எட்டில் அது பக்கவாட்டில் மடங்கியது, நிமிர்த்திக்கொண்டாள். பாதி அறையில் கால் மட்டும் உருவிக்கொண்டு வர, பதிவேடுகள் பறக்க, முகம் குப்புற உப்புத் தண்ணீரில் விழுந்தாள்.

பதினோரு ஆண்பிள்ளைகள். ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. அடுத்தவன் மனைவியை எப்படித் தொட்டுத் தூக்குவது என்று பத்துப் பேர் இருந்தார்கள். தூக்க வேண்டியவர் அவமானத்தில் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவளே எழுந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு மறுபடி தலைமாட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள். அண்ணாச்சி எழுந்தார். வெறுங்காலோடு சுவரோரம் போய் நின்றார். அவள் உட்கார்ந்தாள், ஈரச்சேலையோடு.

"செயலாளர் சார். அஞ்சாம் நம்பர்னு எழுதுங்க. நாலும் எழுதுங்க. யாருக்கு எது வேணும்னு அளத்துல போய்க் கேட்டு எழுதுங்க."

நடேசன் எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் நாற்காலியைச் சுற்றித் தண்ணீர் பின்வாங்கியது. அவளைச் சுற்றி மட்டும். ஒரு பாய் விரிக்கிற அளவு சிவப்புச் சிமெண்டுத் தரை தெரிந்தது. மற்றவர்கள் முழங்கால் தண்ணீரில் இருந்தபடி அதைப் பார்த்தார்கள். கூட்டம் நீண்டது. பெண்கள் போவதற்கு அந்தக் கட்டடத்தில் கழிப்பறை இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது, ஏனென்றால் அதுவரை யாருக்கும் அது தேவைப்படவில்லை. அதையும் எழுதச் சொன்னாள்.

அடுத்த கூட்டத்துக்கு மற்ற மூன்று மனைவிகளும் வந்தார்கள். அவளே வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருத்தி உட்காரும்போதும் ஒரு பாய் அளவு தரை காய்ந்தது. பிறகு இரண்டு ஆண்களின் பதவிக்காலம் முடிந்தது, அந்த இடத்துக்கு மனைவியைக் கூட்டி வராமல் அளத்தில் வேலை செய்கிற இரண்டு பெண்களைப் போட்டார்கள். அன்றைக்கு அறை முழுக்கத் தரை தெரிந்தது. மாசாணம் முறத்தை எடுத்துப் பரணில் போட்டார். ஊறுகாய்க்கு உப்பு இல்லை என்று சில பேருக்கு வருத்தம். அதை விடுங்கள்.

சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறோம். ஒரு மாசத்தில் அது மேலே பூத்துவிடும். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பூட்ஸ் வந்தது. மழை விட்டு, அளத்தில் மறுபடி பாத்தி கட்டுகிற சமயம். வாரிய அறையில் மேஜைமேல் அடுக்கி வைத்து, பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் அங்கேயே போட்டுப் பார்த்து நடந்தார்கள். தொம் தொம்மென்று தரை அதிர்ந்தது. ஒருத்தி இன்னொருத்தியை இடித்து, "ஏட்டி, போலீஸ்காரி மாதிரி இருக்க" என்றாள்.

சந்தனமாரியைக் கடைசியில் கூப்பிட்டார்கள். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு படியேறி வந்தாள். வலது கால் கணுக்காலோடு முடிந்திருந்தது. மழைக்கு முந்தின வாரமே எடுத்துவிட்டார்கள்.

இந்தத் தடவை எல்லோரும் பார்த்தார்கள். மின்விசிறியை யாரும் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்ய.

அவள் ஜோடியைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, அடியில் ஐந்து என்று அச்சடித்திருந்ததை விரலால் தடவினாள். இடது காலுக்கு உள்ளதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வலது காலுக்கு உள்ளதை மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"இது எனக்கு எதுக்கு."

தவசிக்கனி அண்ணாச்சி கதவோரம் நின்றிருந்தார். இப்போதெல்லாம் மனைவியைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு அங்கேதான் நிற்பார். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது.

சந்தனமாரி போகவில்லை.

"உக்காந்து பாக்கிற வேலை ஏதாவது வேணும்னு இன்னொரு மனு எழுதணும்மா," என்றாள் தலைவரிடம். "முந்தியெல்லாம் 'உயர்திரு தலைவர் அவர்களுக்கு'ன்னு எழுதினேன், அது யார் யார் கைக்கோ போயிட்டு. இந்தத் தடவை பேரைப் போட்டே எழுதுதேன். உங்க பேரு என்னம்மா?"

எங்களுக்குத் தெரியவில்லை. பலகையில் திருமதி தவசிக்கனி என்று இருந்தது. ஊரில் அண்ணாச்சி சம்சாரம் என்போம், மாசாணம் அவளை மயினி என்பார். தண்ணீரை வற்ற வைத்தது யார் என்று வெளியூர்க்காரன் கேட்டால், தலைவர் வீட்டம்மா என்று அன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தோம். தலைவரே அவள்தான். நடேசன் பதிவேட்டைப் புரட்டப் போனார். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள், அந்த அறையில் முதல் தடவையாக.

"சொர்ணவடிவு."